வீட்டுக் கோழிக்கு எந்த கூண்டு சரிப்படும்? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

நான் இதுவரைக்கும் 3 கூண்டு மாத்தி இப்ப 4வதுல கோழி வெச்சிருக்கேன். ஒண்ணு ரெடிமேடா வாங்கினது, ஒண்ணு நாய்க்கூண்ட வெட்டி மாத்தினது, ஒண்ணு நானே பலகை அடிச்சது, இப்ப இருக்கிறது பழைய சாமான் ஷெட். கோழி வாங்கப்போறவங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் கூண்டப் பத்திதான், கேள்வியும் திரும்பத் திரும்ப ஒண்ணாவே இருக்கு, அதனால எல்லாத்துக்கும் இங்க ஒரே இடத்துல பதில் எழுதிடுறேன். 3 கோழியில இருந்து 15 கோழி வரைக்கும் வீட்டுல வளர்க்கிறவங்களுக்குத்தான் இது, பண்ணைக்கு கணக்கே வேற.

எத்தனை கோழிக்கு எவ்ளோ இடம் வேணும்?

வளர்ந்த கோழி ஒண்ணுக்கு கூண்டுக்குள்ள 4 சதுர அடி, வெளிய வலை அடிச்சு ஓடியாட விடுற இடத்துல 10 சதுர அடி, இதத்தான் நான் வெச்சிருக்கேன். காலையில திறந்துவிட்டா இருட்டுற வரைக்கும் தோட்டம் பூரா மேயுற கோழின்னா உள்ள 3 சதுர அடி போதும்பாங்க, அது சரிதான், அது உள்ள வர்றதே தூங்கவும் முட்டை போடவும்தான். ஆனா நாள் பூரா மழை கொட்டுற நாள் வரும், நீங்க வெளிய போய் திறந்துவிட ஆள் இல்லாத நாள் வரும், நோய் பரவுற சமயத்துல வாரக்கணக்குல அடைச்சு வைக்க வேண்டியும் வரலாம், அன்னைக்கெல்லாம் அந்த கூண்டுதான் அதுங்களுக்கு மொத்த உலகமும், அதனால குறைச்ச கணக்குல கட்டாதீங்க. 6 கோழின்னா 24 சதுர அடி, அதாவது 4க்கு 6 அடி. முட்டைப் பெட்டி இருக்கிற இடத்த இந்த கணக்குல சேக்காதீங்க. குட்டை ரக கோழின்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம், பெரிய உடம்பு ரகம்னா கூட்டிக்கணும்.

இடம் பத்தலைங்கிறது மொதல்ல தெரியுறது வாலடியில. ஒண்ணோட இறக இன்னொண்ணு பிடுங்க ஆரம்பிக்கும், தோல் தெரியும், ஒரு சொட்டு ரத்தம் வந்துட்டா மத்ததெல்லாம் சேந்து அதே இடத்த கொத்தும், ஒரே நாள்ல ஒரு கோழிய முடிச்சிடும். தீவனத்துல புரதம் குறைஞ்சாலும், உண்ணி இருந்தாலும் இப்படி நடக்கும், ஆனா தீவனத்த மாத்துறதுக்கு முன்னாடி டேப் எடுத்து கூண்ட அளந்து பாருங்க.

இன்னொண்ணு, எத்தனை கோழி வாங்கப்போறீங்களோ அதுக்கு மேல 2 சேத்து கட்டுங்க. கோழி வளர்க்கிறவங்க யாரும் மொதல் வாங்கின எண்ணிக்கையோட நின்னு நான் பாத்ததில்ல.

ரெடிமேட் கூண்டுல "8 கோழிக்கு"ன்னு போட்டிருக்கே, நம்பலாமா?

அளந்து பாக்காம நம்பாதீங்க. நான் மொதல்ல வாங்கினது அந்த மாதிரி ஒண்ணுதான், பாக்க குட்டி வீடு மாதிரி ஓடு போட்ட டிசைன், ஜன்னல், ஏணி எல்லாம். பிரிச்சு மாட்டி அளந்தா உள்ள தூங்குற இடம் 9 சதுர அடி கூட வரல, 2 கோழிக்கு தாராளம், 3 வெச்சா நெருக்கம். அவங்க கீழ இருக்கிற வலை இடம், முட்டைப் பெட்டி எல்லாத்தையும் சேத்து எண்ணிடுறாங்க. பலகை சுண்டுவிரல் மொத்தம்கூட இல்ல, ஒரு மழைக்காலத்துலயே கதவு ஊதி மூட மாட்டேன்னுடுச்சு.

பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேளுங்க: உள்பக்க நீளம் அகலம் எவ்ளோ, ராத்திரி கோழி ஏறி உட்கார்ற கம்பு எத்தனை அடி நீளம், பலகை எவ்ளோ மொத்தம், வலை எந்த வலை. உள்பக்க அளவு சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா வேற இடம் பாருங்க.

பழைய நாய்க்கூண்டு, ஷெட், அலமாரி இருக்கு, அத மாத்திக்கலாமா?

தாராளமா. உண்மைய சொன்னா மெலிசான புது கூண்டவிட கெட்டியான பழைய சாமான மாத்துறதுதான் பல நேரம் நல்லது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கு.

சாமான் ஷெட்தான் எனக்கு எல்லாத்துலயும் பிடிச்சது. நின்னுட்டே உள்ள போகலாம், கூட்டலாம், கோழிய பிடிக்கலாம், முடியலைன்னு ஒரு கோழி மூலையில உட்கார்ந்திருந்தா உடனே கண்ணுல படும். முதுகு வளைஞ்சு சுத்தம் பண்ண வேண்டிய கூண்ட யாரும் ஒழுங்கா சுத்தம் பண்றதில்ல, ரெண்டு மாசத்துல தள்ளிப்போட ஆரம்பிச்சிடுவோம். ஷெட்டுல பாதிய சாமானுக்கு வெச்சுக்கணும்னா நடுவுல பலகை தடுப்பு முழு உயரத்துக்கு போடுங்க, வெறும் வலை பத்தாது, கோழி இறகுலயிருந்து வர்ற மெல்லிசு வெள்ளைத் தூசி ஒரே வாரத்துல எல்லாத்து மேலயும் படிஞ்சிடும்.

நாய்க்கூண்டு 2, 3 கோழிக்கு ஆகும். அதுல பிரச்சனை, வாசல் ஒண்ணுதான் இருக்கும், உள்ள கை எட்டாது. பின்பக்க சுவர முழுசா அறுத்து கீல் போட்டு கதவா மாத்திட்டா பாதி வேலை முடிஞ்சுது. கூரைக்கு கீழ ரெண்டு பக்கமும் காத்து போக வெட்டி வலை அடிங்க. முயல் கூண்டு உயரம் பத்தாது, கம்பு வைக்க முடியாது, ஆனா தூக்கிப் போட்றாதீங்க, சீக்கு கோழிய தனியா வைக்க, அடை படுத்த கோழிய விட, புதுசா வாங்கினத பிரிச்சு வைக்கன்னு அது வருஷம் பூரா உபயோகப்படும்.

அலமாரின்னா எதுல செஞ்சதுன்னு பாருங்க. கெட்டி மரம், ப்ளைவுட் சரி. மரத்தூள அழுத்தி செஞ்ச பலகைன்னா ஈரம் பட்டதும் பிஸ்கட் மாதிரி ஊதி உதிரும். பிளாஸ்டிக் தண்ணித் தொட்டிய வெட்டி செய்றவங்க இருக்காங்க, கழுவ ஈஸி, உண்ணி ஒளியுற சந்து குறைவு, ஆனா வெயில்ல அடுப்பு மாதிரி சுடும், ராத்திரி உள்ள வேர்த்து வழியும், நாலு பக்கமும் பெருசு பெருசா ஜன்னல் வெட்டாம அதுல கோழிய விடாதீங்க.

பழைய பெயின்ட் உரிஞ்சு வர்ற மரம்னா ஜாக்கிரதை, ரொம்ப பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், கோழி உதிர்ந்த எதையும் கொத்தி முழுங்கும். பூச்சிமருந்து, எண்ணெய், கரியெண்ணெய் நாத்தம் அடிக்கிற மரமும் வேண்டாம்.

காத்தோட்டம் காத்தோட்டம்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்ன அதுல?

கூண்டுல ஒரே ஒரு விஷயத்தத்தான் சரியா செய்ய முடியும்னா இதச் செய்யுங்கன்னுதான் சொல்லுவேன். கோழி எச்சத்துல முக்கால் பங்கு கிட்ட தண்ணி. மூச்சுலயும் ஈரம் போயிட்டே இருக்கும். அதுக்கு மேல எச்சத்துலயிருந்து அமோனியா கிளம்பும். ராத்திரி பூரா மூடின பெட்டிக்குள்ள இது எல்லாம் சேந்தா சளி, கண் வீக்கம், மூச்சு இழுக்கிற சத்தம்னு ஒண்ணொண்ணா ஆரம்பிக்கும், நம்ம மருந்து தேடிட்டு இருப்போம், காரணம் கூரையில இருக்கும்.

என் நாய்க்கூண்டுல இத நான் கண்ணால பாத்தேன். விடியறதுக்கு முன்னாடி ஒருநாள் டார்ச் எடுத்துட்டு போய் பின் கதவ திறந்தேன், கண்ணு எரிஞ்சுது. மேல லைட் அடிச்சா தகரத்துல இறங்கியிருந்த ஒவ்வொரு ஸ்க்ரூ முனையிலயும் ஒரு சொட்டு தண்ணி தொங்கிட்டு இருக்கு, வரிசையா. ஒண்ணு விழுந்து கீழ தூங்கிட்டிருந்த கோழி முதுகுல பட்டுச்சு, அது கண்ணத் திறக்காமலே தோள குலுக்கிட்டு திரும்ப தலைய உள்ள விட்டுக்குச்சு. எத்தனை ராத்திரி அப்படி நனைஞ்சிருக்கும்னு நினைச்சப்ப எனக்கு மனசே ஆறல. அன்னைக்கே கூரைக்கு கீழ ரெண்டு பக்கமும் அறுத்து வலை அடிச்சேன்.

நீங்களும் அதே மாதிரி பாருங்க. விடியக்காலையில திறந்து, கோழி தலை இருக்கிற உயரத்துல உங்க மூஞ்சிய வெச்சு மூச்சு இழுங்க. நிக்கிற உயரத்துல நாத்தம் தெரியாது, குனிஞ்சாத்தான் தெரியும். மூக்கு கண்ணு உறுத்துச்சுன்னா காத்து பத்தல. கூரை அடியில உள்ளங்கைய வெச்சு பாருங்க, ஈரமா இருந்தா பத்தல.

எவ்ளோ திறப்பு வேணும்னா, பொதுவா சொல்ற கணக்கு கோழிக்கு 1 சதுர அடி. 4 கோழின்னா மொத்தம் 4 சதுர அடி. அது கோழி உட்கார்ற உயரத்துக்கு மேல, கூரை ஒட்டி, எதிரெதிர் பக்கத்துல இருக்கணும், கூரை அதத் தாண்டி ஒரு அடியாவது நீட்டிட்டு இருந்தா சாரல் உள்ள வராது. சூடான ஈரக்காத்து மேல ஏறி அப்படியே வெளிய போயிடும், கோழி மேல நேரா காத்து அடிக்காது. அடிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்க கம்பு பக்கத்துல மெல்லிசு டிஷ்யூ பேப்பர் துண்டு ஒண்ண தொங்க விடுங்க, காத்தடிக்கிற ராத்திரி போய் பாருங்க, அது படபடன்னு ஆடுச்சுன்னா அந்த பக்கத்து கீழ் திறப்ப மட்டும் மூடுங்க.

குளிர் காலத்துல எல்லாத்தையும் அடைச்சு பல்பு போட்டு விடலாமா?

அடைக்காதீங்க. கோழி உடம்பு சூடே 41 டிகிரிக்கு மேல, இறக உப்பிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உட்கார்ந்துக்கும், காய்ஞ்ச இடமா இருந்தா நல்லாவே தாங்கும். கடும் குளிர் உள்ள இடத்துல கொண்டை கறுத்துப்போறது நிறைய நேரம் ஈரமும் குளிரும் சேர்றதாலதான். சூடு பல்ப வளர்ந்த கோழிக்கு நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன், காய்ஞ்ச உமி, இறகு, தூசி, மேல தொங்குற சூடான பல்பு, ஒரு கோழி பறந்து இடிச்சா போதும், கூண்டே எரிஞ்சிடும். குஞ்சுக்கு சூடு வேணும், அது தனி ஏற்பாடு.

வெயில் காலத்துக்கு?

குளிரவிட வெயில்தான் கோழிய சீக்கிரம் கொல்லும். அதுக்கு வேர்க்காது, வாயத் திறந்து மூச்சிரைச்சுத்தான் சூட்ட வெளிய விடும், 30, 32 டிகிரி தாண்டினாலே றெக்கைய உடம்ப விட்டு அகட்டிட்டு நிக்கும். சூடான இடம்னா ஒரு பக்கம் மட்டும் சுவர் வெச்சு மிச்ச மூணு பக்கமும் வலையா விட்டுடலாம், மழைக்கு சுருட்டி விடுற மாதிரி தார்ப்பாய். நீளப் பக்கம் வடக்கு தெற்கு பாத்து இருந்தா காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகின பக்கத்துல மட்டும் படும்.

தகரக் கூரைக்கு அடியில தெர்மாகோல் ஒட்டுறவங்க அது மேல ப்ளைவுட் அடிச்சு மூடுங்க. கோழிக்கு தெர்மாகோல்னா அப்படி ஒரு ஆசை, எட்டுற தூரத்துல இருந்தா கொத்திக் கொத்தி தின்னுட்டே இருக்கும், நான் ஒரு முழு ஷீட்ட இப்படி இழந்திருக்கேன்.

எந்த வலை வாங்கணும்?

அறுகோணக் கண்ணு வெச்ச மெல்லிசு வலைய கோழி வலைன்னே விப்பாங்க. அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், உள்ள வர்றத தடுக்காது. நாய் பல்லால கிழிச்சிடும், கீரி சந்துல பூந்துடும், எலி, பாம்புக்கெல்லாம் அது வலையே இல்ல. அரை இன்ச் கண்ணு உள்ள வெல்டு மெஷ் வாங்குங்க, விலை கூடத்தான், கூண்டு மொத்தத்துக்கும் முடியலைன்னா தூங்குற பகுதிக்கும், தரையிலயிருந்து 3 அடி உயரத்துக்கும் மட்டுமாவது இத போட்டுட்டு மேல சாதா வலை போடுங்க.

வலைய வெறும் ஸ்டேப்ளர் பின்ல அடிச்சா தள்ளுனா கழண்டுடும், ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு இறுக்குங்க. தோண்டிட்டு வர்றத தடுக்க வலைய ஒரு அடி ஆழம் புதைக்கலாம், இல்ல ஈஸியா, சுவர் ஓரத்துலயிருந்து வெளிப்பக்கமா தரை மேல ஒன்றரை அடி அகலத்துக்கு விரிச்சு கல்லு வெச்சிடுங்க, தோண்ட வர்றது சுவர ஒட்டித்தான் தோண்டும், கால்ல வலை தட்டும், பின்னாடி போய் தோண்டணும்னு அதுக்கு தோணாது. புல் வளர்ந்ததும் வலை மறைஞ்சே போயிடும்.

கதவுக்கு வெறும் கொக்கி பத்தாது. தாழ்ப்பாள் போட்டு அதுக்குள்ள ஒரு கிளிப் மாட்டுங்க. இருட்டுறப்ப வீட்டுல இருக்க முடியாதவங்க தானா மூடுற கதவு வாங்கிக்கலாம், ஆனா மொதல் ரெண்டு வாரம் ராத்திரி போய் எண்ணிப் பாருங்க, மூடினதுக்கப்புறம் வந்து வெளிய மாட்டிக்கிற கோழி ஒண்ணு இருக்கும்.

உட்கார்ற கம்பு எப்படி இருக்கணும்?

கோழிக்கு 8லயிருந்து 10 இன்ச் நீளம். 2 இன்ச் அகலம், முனை மழுக்கின மரம். பிவிசி பைப் வழுக்கும், இரும்பு குளிர்லயும் வெயில்லயும் ஆகாது. சுவர்லயிருந்து ஒரு அடி தள்ளி வைங்க, இல்லைன்னா வால் இடிக்கும். ரொம்ப உயரமா வெச்சா காலையில தொப்புன்னு குதிச்சு பாதத்துல அடிபட்டு கட்டி வரும், கனமான ரகத்துக்கு ஒன்றரை ரெண்டு அடி போதும். ரெண்டு கம்பு வைக்கிறீங்கன்னா ஒண்ணுக்கு கீழ ஒண்ணு நேரா வைக்காதீங்க, ராத்திரி பூரா மேல இருக்கிறது கீழ இருக்கிறது தலையில போகும்.

முட்டைப் பெட்டிக்குள்ள தூங்குதுங்க, என்ன பண்ண?

பெட்டி கம்பவிட உயரமா இருக்கு, அவ்ளோதான். கோழி இருக்கிறதுலயே உசரமான இடத்தத்தான் தேடும். பெட்டிய இறக்குங்க, இல்ல கம்ப ஏத்துங்க. 4, 5 கோழிக்கு ஒரு பெட்டி, 12 இன்ச் நீள அகல உயரம், கொஞ்சம் இருட்டா இருந்தா நல்லது. 3 பெட்டி வெச்சாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில நிக்கும், அதுக்கு கவலைப்படாதீங்க.

கீழ என்ன போடுறது? நாத்தம் வருதே?

மரச்சீவல் நல்லா ஈரம் உறிஞ்சும், உமியும் சரி, எது காய்ஞ்சதா கிடைக்குதோ அது. 4லயிருந்து 6 இன்ச் மொத்தத்துக்கு போட்டு, வாரம் ரெண்டு தடவை கிளறிவிட்டு, மேல மேல சேத்துட்டே போறதத்தான் ஆழ்கூளம்னு சொல்றாங்க, கொஞ்சம் தானியத்த வீசிவிட்டா கோழியே சீய்ச்சு கிளறிடும். கையில அள்ளி இறுக்கிப் பிடிச்சு விடுங்க, உருண்டையா நின்னா ஈரம் அதிகம், உடனே பாதிய மாத்துங்க, ஈரக் கூளத்துலதான் ரத்தக் கழிச்சல் பரவுது. பொடி மரத்தூள் வேண்டாம், மூக்குல ஏறும். தண்ணி டப்பாவ கோழி முதுகு உயரத்துக்கு தூக்கி கட்டினாலே பாதி ஈரம் குறையும்.

செகண்ட் ஹேண்ட் கூண்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா செவ்வுண்ணி இருக்கான்னு பாக்காம வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. ஊசிமுனை அளவு பூச்சி, பகல்ல பலகைச் சந்துலயும் கம்பு முனை சொருகுற ஓட்டையிலயும் ஒளிஞ்சிருக்கும், ராத்திரி வந்து ரத்தம் குடிச்சிட்டு போயிடும். பகல்ல கோழிய தூக்கிப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. சூடான சமயத்துல முட்டையிலயிருந்து பெரிய பூச்சி ஆக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதே நேரம் ரத்தமே குடிக்காம மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், அதனால "ஆறு மாசமா காலியாத்தான் கிடக்கு"ன்னு யாராவது சொன்னா அத நம்பி எடுக்காதீங்க. வெள்ளைத் துணியால கம்போட அடிப்பக்கத்தையும் மூலையையும் அழுத்தித் தேய்ங்க, சிவப்பா கோடு விழுந்தா இருக்கு. சாம்பல் கலர்ல பொடி மாதிரி குவிஞ்சிருந்தாலும் அதுதான்.

வாங்கிட்டீங்கன்னா கழட்ட முடிஞ்சதெல்லாம் கழட்டி, வேகமா தண்ணி அடிச்சு கழுவி, நல்லா வெயில்ல காயவெச்சு, சந்தெல்லாம் மக்கு வெச்சு அடைச்சு, திரும்ப ஒரு வாரத்துல இன்னொரு தடவை செய்ங்க. தாருல தோய்ச்ச அட்டைக் கூரை இருந்தா பிரிச்சு எடுத்துடுங்க, அதுக்கு அடியில கோடிக்கணக்குல இருக்கும், கழுவி தீராது.

கூண்ட எங்க வைக்கிறது?

தண்ணி தேங்காத மேட்டுல, மத்தியானம் நிழல் விழுற இடத்துல, உங்க சமையலறை ஜன்னல்லயிருந்து கண்ணுல படுற மாதிரி. தரையிலயிருந்து ஒன்றரை ரெண்டு அடி தூக்கி வெச்சா அடியில எலி குடும்பம் நடத்தாது, கோழிக்கும் மழைக்கு ஒதுங்கி புழுதி குளிக்க ஒரு இடம் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கோழி வளர்க்க உங்க பகுதியில என்ன விதின்னும் கேட்டுக்கோங்க, முக்கியமா சேவல் வெச்சுக்கப்போறீங்கன்னா.

பழைய கோழியோட புதுசு சேக்கணும்னா கூண்டுல என்ன மாத்தணும்?

நடுவுல கழட்டி மாட்டுற மாதிரி ஒரு வலைத் தடுப்பு. புதுசு வாங்கினத மொதல்ல 3, 4 வாரம் தனியா தூரத்துல வெச்சு நோய் இல்லைன்னு பாருங்க, அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம், பாக்கலாம் தொட முடியாது. சேத்துவிடுறப்ப தீவனத் தட்டு ரெண்டு, தண்ணி ரெண்டு வைங்க, ஓடி ஒளிய ஒரு சாஞ்ச பலகை வைங்க. முட்டுச்சந்து மாதிரி மூலை இருந்தா அங்க மாட்டின கோழிதான் அடிவாங்கும்.

புது கூண்டுக்குள்ள அடையவே மாட்டேங்குது, மரத்துல ஏறுது, என்ன செய்ய?

ஏற்கனவே அடைஞ்சிட்டிருந்த கூண்டுக்கு திடீர்னு வரமாட்டேன்னா மொதல்ல துணியத் தேய்ச்சு உண்ணி பாருங்க, அதுங்க சும்மா அடம் பிடிக்காது. புது கூண்டுன்னா 5லயிருந்து 7 நாள் அதுக்குள்ளயும் அதோட வலை இடத்துலயும் மட்டும் வைங்க, வெளிய விடாதீங்க. கோழிக்கு மங்கல் வெளிச்சத்துல கண்ணு சரியா தெரியாது, உள்ள கும்மிருட்டா இருந்தா நுழைய பயப்படும், இருட்டுற நேரத்துல உள்ள ஒரு சின்ன லைட் அரைமணி நேரம் எரியவிட்டா தானா போகும்.

நான் ஷெட்டுக்கு மாத்தினப்ப 5 கோழியில 4 ஒரு வாரத்துல பழகிடுச்சு. ஒரு செவலைப் பெட்டை மட்டும் வெளிய விட்ட மொதல் நாளே சாயங்காலம் பழைய கூண்டு இருந்த வெறும் மண்ணுல போய் நின்னுட்டு இருந்துச்சு, மழை தூறுது, அது நகரல. இருட்டினதும் தூக்கிட்டு வந்து கம்புல மத்ததுங்களுக்கு நடுவுல விட்டேன். 9 நாள் இதேதான், அதே இடம், அதே நேரம், அதே தூக்கல். 10வது நாள் நான் போறப்ப அந்த இடம் காலியா இருந்துச்சு, பதறிட்டு ஷெட்டுக்குள்ள டார்ச் அடிச்சேன், கம்பு ஓரத்துல, சுவர் பக்கமா, கழுத்த இறகுக்குள்ள சொருகிட்டு உட்கார்ந்திருந்துச்சு.